வறுமையும் முடையும்: வருமானம் கைக்கு வரும் நாள் குறித்து ஓர் ஆய்வு

பணம் இருந்தால் மகிழ்ச்சி வருமா என்ற கேள்விக்குப் பொருளியலாளர் ஐம்பது ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே வழியில் விடை தேடிவருகின்றனர். ஒருவரின் ஆண்டு வருமானத்தையும், தம் வாழ்வுக்கு அவரே இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அந்த வழி. 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் தொடங்கிவைத்த விவாதம் இது. ஒரு நாட்டுக்குள் வசதியுள்ளவர் வசதியற்றவரைவிட நிறைவாக இருக்கிறார். ஆனால் நாடே வளம்பெறும்போது சராசரி மகிழ்ச்சி அந்த அளவுக்கு உயர்வதில்லை என்றார் அவர். 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும், அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலையில் மேற்கொண்டு ஏற்றம் இல்லை என்று எழுதினர். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 33,000க்கும் மேற்பட்டோரின் மனநிலையைக் கைப்பேசி வழியே அவ்வப்போது கேட்டறிந்து, அப்படியொரு வரம்பே தென்படவில்லை என்றார். 2023இல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு ஒரே கட்டுரை எழுதினர். பெரும்பாலோருக்கு ஏற்றம் தொடர்கிறது, மிகவும் மனம் வாடியிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் 1,00,000 டாலர் அளவில் அது நின்றுவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இத்தனை பேரும் வருமானத்தை ஆண்டுக் கணக்கில் ஒற்றை எண்ணாகவே எடுத்துக்கொள்கின்றனர். அந்தப் பணம் எந்த நாளில் கைக்கு வந்தது என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கு இந்த இடத்தில் கூடுதல் நுட்பம் கொண்டது. வறுமை வேறு, முடை வேறு. ‘கொஞ்சம் பணமுடை’ என்று கைமாற்றுக் கேட்பவர் தம்மை ஏழை என்று அறிவிக்கவில்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் முடை வரும்; வரவேண்டிய பணம் வரும்வரை அது இருக்கும். பணக்கவலை குடியிருப்பது பெரும்பாலும் இந்த முடையில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நல்ல சான்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காடுகளிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி அது. 54 ஊர்கள், 464 விவசாயிகள். எல்லாரும் வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் கரும்பிலிருந்தே பெறுபவர்கள். ஊரில் விளைந்த கரும்பு அத்தனையையும் ஆலை ஒரே வாரத்தில் அரைத்துவிட முடியாது. வெட்டு உத்தரவு முறைபோட்டு வருகிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் தோகையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். அதே விவசாயியை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்தனர்.

சோதனைகளுள் ஒன்று பார்வைக்கு விளையாட்டுப் போல இருக்கும். தாளில் 5 5 5 என்று எழுதியிருக்கும். எத்தனை எண்கள் என்று சொல்ல வேண்டும். வாய் ‘ஐந்து’ என்று முந்திக்கொள்ளும். அதை அடக்கி ‘மூன்று’ என்று சொல்வதற்கு மனத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். வெட்டுக்குப் பின் சராசரியாக 131 விநாடியில் முடித்தவர்கள், வெட்டுக்கு முன் 146 விநாடி எடுத்துக்கொண்டனர், பிழைகளும் கூடுதல். ஆளும் மாறவில்லை, நிலமும் மாறவில்லை. அந்த ஆண்டுக் கரும்பின் மதிப்புகூடப் பெரும்பாலும் வயலில் நின்றுகொண்டுதான் இருந்தது. வேறுபாடு அடகுக்கடையில் தெரிந்தது: வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதோ ஒன்றை அடகு வைத்திருந்தனர், பின்னர் 4 விழுக்காடு. வீட்டுக்காரியின் தோடு எந்த மாதத்தில் காதில் இருக்கிறது, எந்த மாதத்தில் சேட்டுக் கடைப் பெட்டியில் இருக்கிறது என்பதை ஆண்டு வருமானக் கணக்கு எப்படிச் சொல்லும்?

இந்த ஆய்வுக்கு மறுப்பும் உண்டு. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர் பழக்கத்தாலேயே முன்னேறுவார் என்று விச்செர்ட்ஸும் ஸ்கோல்டனும் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினர். வெட்டுக்குப் பின் மட்டுமே முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட 100 பேரை ஆய்வாளர்கள் தனியே வைத்திருந்ததால், இந்த மறுப்பை நான் வலுவாகக் கருதவில்லை. 2016இல் கார்வாலோ, மையர், வாங் மூவரும் வெளியிட்டதுதான் உண்மையான சவால். அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ளோரைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்தபோது அறிவுத்திறனில் வேறுபாடே இல்லை. முடைதான் காரணம் என்றால் அங்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு முடைகளும் ஒன்றல்ல என்பது என் விடை. அமெரிக்கத் தொழிலாளிக்குப் பணம் வரும் கிழமை தெரியும். அதற்குள் எதை ஒத்திப்போடலாம் என்பதும் தெரியும். கரும்புக்காரருக்கு ஆண்டில் ஒருமுறை பணம், அதற்கும் தேதி இல்லை. பள்ளிக் கட்டணமும் வெட்டு உத்தரவும் ஒரே நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மனத்தைத் தின்பது கையிருப்பின் குறைவோடு சேர்ந்த இந்த நிச்சயமின்மை. ஒடிசாவில் சுப்ரீத் கவுரும் முல்லைநாதன் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். இலைத்தட்டு தைக்கும் 408 தொழிலாளருக்குக் கூலி ஒன்றே. சிலருக்கு மட்டும் அதன் பெரும்பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தனர். வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தனர், வீட்டுச் சாமான் வாங்கினர். அடுத்த நாள்களில் அவர்கள் தைத்த தட்டுகள் கூடின, தையல் பிழைகள் குறைந்தன. கூலியில் ஒரு ரூபாய்கூட உயரவில்லை.

கரும்புக்கும் தேதி ஒன்று சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. நிலுவை மாதக்கணக்கில் இழுபடுவது கரும்பு வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தியன்று. அந்த வட்டி ஒழுங்காகவே வந்துசேர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாமதமாகப் பணம் வாங்கிய விவசாயியின் வருமானம், பதினான்காம் நாள் வாங்கியவரின் வருமானத்தைவிட ஏட்டில் கூடுதலாக இருக்கும். ஈஸ்டர்லின் முதல் கில்லிங்ஸ்வொர்த் வரை பயன்படுத்திய அளவுகோலின்படி, அவரே அதிகம் சம்பாதித்தவர். தோடு மட்டும் இன்னும் சேட்டுக் கடையில் இருக்கும்.