வந்தவர் யார்?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாது புதிதாய் வந்தவனே விருந்தினன். அவனுக்கு இடமளிப்பது அறம். ஆனால் அவன் வருகையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா? இன்று நகரங்களில் வீட்டின் ஓர் அறையைச் சில நாள் வாடகைக்கு விடுவோர் கேட்கும் இக்கேள்வி மிகப் பழமையானது.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இதற்கு விடை கூறுகிறது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்திற்கு அளித்த ஏட்டிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909-இல் இந்நூலைப் பதிப்பித்தார். நகர நிர்வாகம் பற்றிய பகுதியில், வழிப்போக்கர் வந்ததையும் சென்றதையும் வீட்டுக்காரன் தெரிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. தெரிவிக்காவிடில் அன்றிரவு நேரும் குற்றத்திற்கு அவனே பொறுப்பு. குற்றம் ஏதும் நிகழாவிடினும் மூன்று பணம் அபராதம். இங்கே தண்டனை விருந்தினனுக்கு அன்று. இடமளித்தவனுக்கே என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் ஷெர்ஷா போன்ற அரசர்கள் நெடுஞ்சாலைகளில் சத்திரங்கள் எழுப்பினர். ஆங்கில ஆட்சியில், 1867-ஆம் ஆண்டின் சராய் சட்டம் வந்தது. சராய் என்பது வழிப்போக்கர் தங்கும் விடுதி. அதனைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. தொற்றுநோய் கண்டால் அறிவித்தல், கிணற்றையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்தல், காவலாள் அமர்த்தல் ஆகியன விடுதிக்காரரின் கடமைகள். கட்டண விவரத்தை மாஜிஸ்திரேட்டு குறிக்கும் மொழிகளில் எழுதி வைக்கவும் வேண்டும். தவறினால் இருபது ரூபாய் வரை அபராதம். அர்த்தசாஸ்திரம் ஊரின் பாதுகாப்பை நாடிற்று. இச்சட்டமோ வழிப்போக்கரின் உடல்நலத்தையும் பணப்பையையும் சேர்த்துக் காத்தது.

2010-இல் டில்லியில் நடைபெறவிருந்த காமன்வெல்த் விளையாட்டுகளுக்கு வருவோரை எங்கே தங்கவைப்பது என்ற கவலை எழுந்தது. வீடுகளிலேயே தங்கலும் காலை உணவும் அளிக்க வழிசெய்யும் சட்டம் அங்கே 2007-இல் இயற்றப்பட்டது. வீட்டுக்குரியவர் அவ்வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது இத்தகைய திட்டத்தின் உயிர்நாடி. பொறுப்பேற்க ஆள் இல்லாத வீடு விருந்தினர் இல்லமாகாது.

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்த நாம், ஒருநாள் யாரோ ஒருவர் வாயிலில் புதியவராய் நின்றவர்களே. அன்று நம் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டதில் தவறில்லை. எழுதிய பின்னும் கதவைத் திறவாதிருந்தால் அதுவே தவறு. பதிவேடு அச்சத்தைப் போக்கப் பிறந்தது. விருந்தினரைப் போக்குவதற்காக அன்று. இன்று கதவின் உட்புறம் நிற்பவர் நாமானால், இதனை மறவாதிருப்போமாக.