போலிங் சேட்டும் முதுகிலே ஒரு பெயரும்

போலிங் என்றால் எங்கட ஆக்களுக்குக் கிரிக்கெட் பந்துவீச்சுத்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது மரத்தளத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்தும் விளையாட்டு. நாம் வாழும் இந்த ரொறன்ரோவில்தான் 1909 அளவில் தொமஸ் றயன் என்பவர் அதன் ஐந்து கட்டை வகையை உண்டாக்கினார். அமெரிக்காவில் பத்துக் கட்டை.

அதற்கென்றே ஒரு சேட் 1950களில் அங்கே பிரபலமானது. தைத்த விதம் கெட்டித்தனமானது: கை தாராளமாகப் போய்வர முதுகில் மடிப்பு, நெஞ்சுப் பைக்கு மேலே ஆட்டக்காரரின் பெயர், முதுகு முழுக்கச் சங்கிலித் தையலில் அணியின் பெயர். அனேகமாக அது செலவைப் பொறுத்த கடையின் பெயர்தான்!

ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. 1895இல் தொடங்கிய அமெரிக்கன் போலிங் காங்கிரஸ், 1916இல் வெள்ளை ஆண்கள் மட்டுமே அங்கத்தவர் என்று விதி எழுதியது. கறுப்பினத்தவர்கள் 1939இல் டெற்றோயிற்றில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். யுத்தகால முகாம்களில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்த ஜப்பானிய அமெரிக்கர்கள், 1947இல் சோல்ற் லேக் சிற்றியில் தாங்களே போட்டி நடத்தினார்கள். தொழிற்சங்கங்களும் சேர்ந்து நெருக்கி, வழக்குகளும் வந்த பிறகே 1950இல் அந்த விதி நீங்கியது.

இப்ப எங்கட பெடியளும் ஒரு அணி சேர்த்திருக்கினம். சேட்டில் ஆங்கிலம் மட்டும் காணும் என்றார்கள் சிலர். தமிழும் வேணும் என்று நான் விடாமல் நின்றேன். தைக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. மெய்யெழுத்துப் புள்ளிகளைத் தூசு என்று விட்டுவிடுவாரோ என்று, ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறோம்.