ரெட்பஸ்

ரெட்பஸ், தொலைதூரப் பேருந்துகளுக்கு இணையவழியில் சீட் பதிவு செய்து தரும் இந்திய நிறுவனம். பிலானி சாஃப்ட் லேப்ஸ் என்ற பெயரில் பதிவாகி, 2006 ஆகஸ்டில் பெங்களூரில் டிக்கெட் விற்பனையைத் தொடங்கியது. பணீந்திர சாமா, சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகிய மூவரும் இதை நிறுவினர். மூவரும் பிலானியின் பிட்ஸ் கல்வி நிறுவனத்தில் படித்த பொறியாளர்கள். வாடிக்கையாளரின் சிக்கலை முதலில் ஆராய்ந்து, அதன்மேல் நிறுவனத்தை எழுப்பியதற்கு இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெயர் இது. அந்தப் புகழுக்கு ரெட்பஸ் தகுதியானதே. ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதை பாதிதான். சிக்கல் என்ன என்பதை மூவரும் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். அது யாருடைய சிக்கல் என்பதில்தான் தடுமாறினார்கள். நிறுவனத்தின் தலையெழுத்தை மாற்றியதும் அந்தத் தடுமாற்றத்திலிருந்து அவர்கள் மீண்ட விதம்தான்.

தோற்றம்

2005 தீபாவளியின்போது சாமா, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார். ஹைதராபாத் செல்லக் கடைசி நேரத்தில் பஸ் டிக்கெட் தேடி ஏஜென்ட் கடைகளில் ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. பண்டிகை பெங்களூரிலேயே கழிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுதோறும் நேர்வதுதான் இது. சாமா அதோடு விடாமல், சீட் எப்படி விற்கப்படுகிறது என்று ஏஜென்ட்களிடமும் பஸ் கம்பெனிகளிடமும் போய் விசாரித்தார்.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ரயில் டிக்கெட் 2002 முதலே ஐஆர்சிடிசி தளத்தில் கிடைத்தது. விமான டிக்கெட்டும் இணையத்துக்கு வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை: கர்நாடக அரசுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருக்கும், ஏறி உட்கார்ந்தால் போதும். மாநில எல்லை தாண்டி இரவு முழுவதும் ஓடும் தனியார் பேருந்துகளில்தான் சிக்கல் இருந்தது. அந்தத் தடங்களில் யாரிடம் எத்தனை சீட் மிச்சம் என்பது பயணிக்குத் தெரிய வழியே கிடையாது.

சார்ட்டும் தொலைபேசியும்

ஒவ்வொரு பஸ் கம்பெனி அலுவலகத்திலும் அன்றன்றைய வண்டிக்கு ஒரு சார்ட் இருக்கும். பேருந்தின் உட்புறத்தைப் போலக் கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஒரு சீட். ஏஜென்ட் கடையில் பயணி வந்து நின்றதும், ஏஜென்ட் கம்பெனிக்கு போன் போடுவார். எதிர்முனையில் இருப்பவர் சார்ட்டைப் பார்த்து ஒரு கட்டத்தில் பெயரை எழுதி, சீட் எண்ணைச் சொல்வார். ஏஜென்ட் அதை டிக்கெட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துத் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். பெண் பயணியின் பக்கத்து சீட்டைப் பெண்ணுக்கே தருவது போன்ற வழக்கங்களும் இந்தத் தாளிலேயே பென்சில் குறியாகக் காப்பாற்றப்பட்டன.

இந்த ஏற்பாடு எளிமையானது, பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் ஓர் ஏஜென்டுக்குப் பழக்கம் இருப்பது சில கம்பெனிகளோடு மட்டும். அவர் "சீட் இல்லை" என்றால், தனக்குத் தெரிந்த வண்டிகளில் இல்லை என்றே பொருள். அடுத்த தெரு ஏஜென்டுக்குப் பழக்கமான வண்டி காலி சீட்டோடு புறப்பட்டுப் போயிருக்கலாம். ஊரிலிருந்து திரும்பி வருவதற்கான டிக்கெட்டை இங்கேயே எடுப்பதும் எளிதல்ல. பண்டிகை நாளில் விலை எவ்வளவு என்பது ஏஜென்ட் வாயில் வருவதுதான். ஆக, சீட் பற்றாக்குறை சிக்கலின் ஒரு பகுதி மட்டுமே. எங்கே சீட் இருக்கிறது என்ற தகவல் தாள்களில் சிதறிக் கிடந்ததே பெரிய பகுதி.

யாருடைய சிக்கல்?

மூவரும் மின்னணுத் துறையிலிருந்து வந்தவர்கள்; இணைய நிரலாக்கம் அவர்களுக்குப் புதிது. கற்றுக்கொண்டு, பஸ் கம்பெனிகள் சீட்டை நிர்வகிக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள். சார்ட்டைக் கணினிக்கு மாற்றிவிட்டால் எல்லா ஏஜென்ட்களும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பது கணக்கு. இலவசமாகத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். கம்பெனிகள் வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த மறுப்பை உரிமையாளர்களின் பழமைவாதம் என்று சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. அவர்களுக்குச் சார்ட் வலிக்கவில்லை. தாளும் பென்சிலும் செலவில்லாதவை, மின்சாரம் போனாலும் வேலை செய்பவை. வண்டி காலியாகப் போவதுதான் அவர்களுக்கு வலி. அந்த வலிக்கு மென்பொருள் நேரடி மருந்தாகத் தெரியவில்லை. பயணியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்தான் மருந்து.

இந்தக் கட்டத்தில் 'டை' எனப்படும் தொழில்முனைவோர் அமைப்பின் பெங்களூர்க் கிளை நடத்திய வழிகாட்டல் திட்டத்துக்கு ரெட்பஸ் தேர்வானது. அதன்பின் பாதை தலைகீழானது. கம்பெனியிடம் மென்பொருளை நீட்டுவதற்குப் பதிலாக, விற்பதற்குச் சில சீட்களை மட்டும் கேட்டார்கள். அவற்றைப் பயணியிடம் இணையத்தில் விற்றார்கள். கடன் அட்டை வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால் டிக்கெட்டை ஆள் மூலம் கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களின் வாசலில் நின்று விளம்பர அட்டை கொடுத்தார்கள்: ஊர் விட்டு ஊர் வந்த இளைஞர்கள், இணையம் பழகியவர்கள், வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறவர்கள் அங்கேதான் திரண்டிருந்தார்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பின்வாங்கல். இணையதளத்தின் பின்னால் அதே போனும் அதே சார்ட்டும்தான் இருந்தன. ஆனாலும் இக்கட்டுரையாளர் கருத்தில் ரெட்பஸ் வரலாற்றின் மிக முக்கியமான முடிவு இதுவே. தாங்கள் எழுதிய நிரலின் மேலிருந்த பிரியத்தை விட்டுவிட்டு, டிக்கெட் தேடி அலைகிறவர் பக்கம் போய் நின்றார்கள். அங்கிருந்து பயணிகள் வரத் தொடங்கியதும், காலி சீட் நிரம்புவதைக் கம்பெனிகள் கண்ணால் பார்த்தன. 2007இல் சீட்ஃபண்ட் நிறுவனம் முதலீடு செய்தது.

சில ஆண்டுகள் கழித்து, பேருந்து நிறுவனங்களுக்கான சீட் நிர்வாக மென்பொருளை 'பாஸ்' என்ற பெயரில் ரெட்பஸ் மீண்டும் கொண்டுசென்றது. இந்தமுறை ஏற்றுக்கொண்டார்கள். போனில் கேட்டுச் சார்ட்டில் எழுதும்போது ஒரே சீட் இருவருக்குப் போய்விடும் குழப்பம், விற்பனை பெருகப் பெருகக் கம்பெனிகளையே உறுத்தத் தொடங்கியிருந்தது. ஏஜென்ட்களுக்காக 'சீட்செல்லர்' என்ற சேவையும் வந்தது. சில கம்பெனிகளோடு மட்டும் பழக்கம் வைத்திருந்த கடைக்காரர் அதன்மூலம் பல கம்பெனிகளின் சீட்டை விற்க முடிந்தது. திரையில் தோன்றிய சீட் வரைபடம் பழைய சார்ட்டின் அமைப்பையே கொண்டிருந்தது; பெண்களுக்கான சீட் குறியீடும் அதில் நிலைத்தது.

ஒப்பீடு

வாடிக்கையாளரிடம் போய்க் கற்றபின் பொருளைச் செய்யும் முறையை ஸ்டீவ் பிளாங்க் 2005இல் நூலாக எழுதினார். எரிக் ரீஸ் 2011இல் அதை உலகெங்கும் பரப்பினார். தமிழ்நாட்டுத் தொழில்களில் இந்தப் போக்கு அதற்கு வெகுமுன்பே உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்பு பாட்டிலுக்கு ஒரே நேரத்தில் பணம் கொடுக்க முடியாத கூலித் தொழிலாளியை மனத்தில் வைத்துச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு அதே வழியில் வளர்ந்தது. சென்னையில் 2010இல் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வேறொரு நிறுவனத்தின் விலை உயர்வால் எரிச்சலுற்ற வாடிக்கையாளர்களின் குமுறலைப் படித்ததிலிருந்து பிறந்தது. ரெட்பஸ் இவற்றிலிருந்து வேறுபடுவது ஓர் இடத்தில்: அதற்கு ஒரே நேரத்தில் பயணி, கம்பெனி, ஏஜென்ட் என மூன்று தரப்பு இருந்தது. மூவரில் யாருடைய சிக்கலை முதலில் எடுப்பது என்ற கேள்வி ஷாம்பு விற்றவர்களுக்கு இவ்வளவு கூர்மையாக எழவில்லை.

எல்லைகள்

தகவல் சிக்கல் பெருமளவு தீர்ந்தது, பற்றாக்குறை தீரவில்லை. பொங்கல், தீபாவளி வாரங்களில் ஆம்னி பஸ் கட்டணம் பல மடங்கு ஏறுவது இன்றும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எழும் புகார். முன்பு ஏஜென்ட் காதோடு சொன்ன விலை இப்போது எல்லோர் திரையிலும் தெரிகிறது, அவ்வளவே. திரையில் தெரிவதால் புகார் செய்ய ஆதாரம் கிடைக்கிறது என்பது சிறிய ஆதாயமல்ல. ஆனால் கூடுதல் வண்டிகளும் கட்டணக் கட்டுப்பாடும் ஒரு பதிவுத் தளத்தால் ஆகிற காரியமில்லை. கையில் போன் இல்லாத, இணையம் பழகாத பயணி இன்னமும் கடை வாசலில்தான் நிற்கிறார். அவருக்கு ஏஜென்ட் தேவைப்படுகிறார்.

உரிமை மாற்றம்

2013 ஜூனில் ஐபிபோ குழுமம் ரெட்பஸ்ஸை வாங்கியது. ஐபிபோ 2017இல் மேக்மைட்ரிப்புடன் இணைந்ததால் ரெட்பஸ்ஸும் அதன் கீழ் வந்தது. பல மாநில அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் டிக்கெட்களும் இத்தளத்தில் விற்கப்படுகின்றன. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, பெரு, கொலம்பியா நாடுகளுக்கும் சேவை விரிந்தது. விற்பனைக்குப் பின் நிறுவனத்திலிருந்து விலகிய சாமா, தெலங்கானா அரசின் முதல் தலைமைப் புத்தாக்க அலுவலராக 2018இல் பொறுப்பேற்றார்.