பத்துப் பேரும் ஒரு காசும்

கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் என்றொரு பகுதி உண்டு. பெயரிலேயே கருணையைத் தாங்கி நிற்கும் அவ்விடம், 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் நாடெங்கும் துயரத்தின் பெயராயிற்று. கூலி வேலை முடித்து மாலையில் திரும்பியவர்கள் வாங்கிக் குடித்த பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. கண் மங்கி, வயிறு எரிந்து, மூச்சுத் திணறி, அடுத்தடுத்த நாள்களில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றின் கரையில் ஒரே நாளில் பல சிதைகள் எரிந்தன.

தந்தையை இழந்த பிள்ளைகள் இருந்தனர். தாயையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் இருந்தனர். இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 10 இலட்சம் ரூபாயைத் தமிழக அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புநிதியும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும் அறிவிக்கப்பட்டன. அரசு செய்ய வேண்டியது அது. ஆனால் மாத ஊதியம் பெற்று உண்ணும் நாம் என் செய்தோம்?

நம்மில் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணியாற்றுவோர் இதை நன்கறிவர். துயரச் செய்தி வந்த மறுநாள் ஒரு தாள் மேசைக்கு மேசை சுற்றி வரும். பெயர், தொகை, கையொப்பம் என்று மூன்று கட்டங்கள். ஒரு கிழமைக்குள் தொகை சேரும். ஒரு நிழற்படத்துடன் அது ஒப்படைக்கப்படும். பின்னர் அந்தத் தாளை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஆறு வயதில் தந்தையை இழந்த குழந்தைக்கு அதன்பின் பன்னிரண்டு ஆண்டுப் பிள்ளைப்பருவம் மீதமிருக்கிறது. ஒரு கிழமை இரக்கத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுத் தேவைக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவை எவ்வாறு கடப்பது? உழைக்கும் இடத்தில் நிதி திரட்டுதல் என்பதன் பழைய வரலாற்றைப் புரட்டினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் என்று நாம் நம்புகிறோம்.

கூடாரம் செய்யும் தொழிலாளியான புனித பவுல், வறுமையுற்ற எருசலேம் மக்களுக்காகக் கொரிந்து நகரத்தாரிடம் நிதி கேட்டபோது, இரண்டு ஒழுங்குகளை வகுத்தார். கிழமையின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தத்தம் வருவாய்க்கேற்பச் சிறிது ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது ஒன்று. சேர்ந்த பணத்தைக் கொண்டுசெல்வோரைக் கொரிந்தியரே தெரிந்தெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தாம் வந்த பிறகு அவசரமாக வசூலிப்பதை அவர் விரும்பவில்லை. பணத்தைத் தாமே தனியாகக் கையாளவும் விரும்பவில்லை. சிறுகச் சிறுக, தவறாமல், கணக்கோடு என்னும் மூன்று சொற்களில் அவர்தம் முறையை அடக்கிவிடலாம்.

பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே முறையைப் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஓர் இளம்பெண் கண்டெடுத்தார். பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1799இல் பிறந்த பவுலின் ஜாரிக்கோ அவர். லியோன் அந்நாளில் பட்டு நெசவின் தலைநகர். தறியோசை ஓயாத அந்நகரின் நெசவாளர் வறியோராகவே வாழ்ந்தனர். கூலிக்காக 1831லும் 1834லும் அவர்கள் கிளர்ந்தெழுந்தமை வரலாற்றில் பதிந்துள்ளது. பவுலினின் அண்ணன் பிலேயாஸ், பாரிசில் குருமாணவராய் இருந்துகொண்டு, கீழைநாடுகளில் பணியாற்றும் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் வறுமையைத் தங்கைக்கு எழுதினார். தங்கை செல்வரின் மாளிகைகளுக்குச் செல்லவில்லை. பட்டாலைப் பெண்தொழிலாளரிடம் சென்றார். கிழமைக்கு ஒரு 'சூ' கேட்டார். இருபது சூ சேர்ந்தால்தான் ஒரு பிராங்கு; அத்துணைச் சிறிய நாணயம் அது.

ஒரு மாலை, வீட்டார் சீட்டாடிக்கொண்டிருக்க, அடுப்பருகே அமர்ந்திருந்த பவுலினுக்கு அம்முறையின் முழு வடிவமும் தோன்றியது என்று அவர்தம் வரலாறு கூறுகிறது. ஒருவர் பத்துப் பேரிடம் வாங்குவார். அத்தகைய பத்துப் பேர் ஒரு நூற்றுத் தலைவரிடம் கொடுப்பர். பத்து நூற்றுத் தலைவர்கள் ஓர் ஆயிரத் தலைவரிடம் சேர்ப்பர். யாரும் பத்துப் பேருக்கு மேல் கணக்கு வைக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தொழிலாளியும் அதைச் செய்யலாம். பத்துப் பேரில் ஒருவர் நோயுற்றால் மற்றவருக்குத் தெரியும். ஒருவர் கொடாவிட்டால் அதன் காரணமும் தெரியும். 1822 மே 3ஆம் நாள் இதுவே விசுவாசப் பரப்புதல் சபையாக உருப்பெற்றது.

இது தொலைநாட்டுக் கதை அன்று. பாரிஸ் அந்நிய வேதபோதக சபை 1776லேயே புதுச்சேரி மறைத்தளத்தை ஏற்றிருந்தது. கள்ளக்குறிச்சிப் பகுதி இன்றும் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான். லியோன் நெசவுப் பெண்கள் கொடுத்த சூக்கள் புதுச்சேரி மறைத்தளத்துக்கும் வந்தன. நம் முன்னோரின் கோவில்களிலும் பள்ளிகளிலும், ஒருபோதும் இந்நாட்டைக் கண்டிராத ஏழை உழைப்பாளிகளின் காசு கலந்திருக்கிறது. இன்று நாம் யாருக்குக் கொடுத்தாலும், அது முதலில் பெற்றுக்கொண்டவரின் கைம்மாறே.

நான்சி நகரின் ஆயர் சார்ல் தெ போர்பன் - ஜான்சோன் பவுலினிடம் கலந்து பேசி, 1843இல் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். குழந்தைகளுக்காகக் குழந்தைகளே மாதம் ஒரு சூ கொடுப்பதும், நாளும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்வதும் அதன் ஒழுங்கு. நம் பங்குகளில் சிறுவர் சிறுமியர் கையில் ஏந்தி வரும் உண்டியலின் மூலம் அங்கேதான் உள்ளது.

லியோன் முறை நிலைத்ததற்கு மற்றொரு காரணம் கணக்கு. அச்சபை ஆண்டுதோறும் எங்கிருந்து எவ்வளவு வந்தது, எந்த மறைத்தளத்துக்கு எவ்வளவு சென்றது என்பதை அச்சிட்டு வெளியிட்டது. மறைப்பணியாளரின் கடிதங்கள் அடங்கிய அந்த ஏடு பத்துப் பேருக்கு ஒரு படி என்று கைமாறிச் சென்றது. தறியின் முன் அமர்ந்தவர் தம் காசு சென்ற ஊரைப் படித்தறிந்தார்.

இதன் மறுபக்கத்தையும் அதே பவுலினின் வாழ்வே கற்பிக்கிறது. தொழிலாளர்க்கு நேரிய கூலியும் குடும்ப வாழ்வும் தரும் ஒரு முன்மாதிரித் தொழிலகம் அமைக்க விரும்பி, 1845இல் ருஸ்திரேல் என்னுமிடத்தில் இரும்பு உலைகளை வாங்க அவர் பெருந்தொகை திரட்டினார். எளியோர் பலர் தம் சேமிப்பை அவரை நம்பிக் கொடுத்தனர். நிர்வாகத்தை ஏற்றவர்கள் ஏமாற்றினர், தொழில் மூழ்கியது. எஞ்சிய வாழ்நாளெல்லாம் கடனைத் தீர்க்க அலைந்த பவுலின், 1862 சனவரி 9ஆம் நாள் வறியவராகவே இறந்தார். 2022 மே 22ஆம் நாள் லியோனில் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையை அளித்தது. அவர்தம் தூய்மையில் ஐயமில்லை. ஆயினும் பத்துப் பேர் பார்வையில் இருந்த ஒரு காசு பிழைத்தது. சிலர் கையில் மட்டும் இருந்த பெருந்தொகை அழிந்தது. தூய உள்ளம் மட்டும் போதாது, திறந்த கணக்கேடும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ?

நம் தமிழ் மண்ணுக்கும் இம்முறை புதிதன்று. தென்மாவட்டச் சந்தைகளில் நாடார் வணிகர்கள் விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்ட மகமை, தொழில் நடக்கும் இடத்திலேயே திரண்ட பொதுநிதி. விருதுநகரில் உறவின்முறையார் நடத்திய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும், வீடுதோறும் உலையிடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. அங்கே பயின்ற சிறுவர்களுள் ஒருவர் காமராசர். அவர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பணத்தோடு ஊர் மக்களின் பங்களிப்பும் அதில் சேர்ந்தது. பிடி அரிசி ஒதுக்கிய தாய்மார் பசியையும் அறிந்தவர், அளவையும் அறிந்தவர். ஒரு பிடி குறைந்தால் சோறு குறையாது. நூறு பிடி சேர்ந்தால் பள்ளி நடக்கும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1979இல் பம்பாயில் விமானப் பணியாளராய் இருந்த ரிப்பன் கபூரும் நண்பர்களுமாக எழுவர் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, 50 ரூபாயுடன் 'கிரை' என்னும் குழந்தைகள் உரிமை நிறுவனத்தைத் தொடங்கினர். செல்வரோ அரசியலாரோ அல்லர். வேலைக்குச் சென்று ஊதியம் பெற்றவர். அவர்கள் விற்ற வாழ்த்து அட்டைகள் புத்தாண்டு தோறும் அலுவலகங்களுக்குள் நுழைந்தன. நாற்பது வயதில், 1994இல் ரிப்பன் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

இவ்வளவு சொன்ன பின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உழைக்கும் இடத்தில் மேலோர் உண்டு, கீழோர் உண்டு. மேலாளரின் பெயரோடு தொடங்கும் பட்டியல் கடைநிலை ஊழியரின் மேசைக்கு வரும்போது அது வேண்டுகோளாக இருப்பதில்லை, கட்டளையாகிவிடுகிறது. வீட்டில் கடன்காரர் காத்திருக்க, வெட்கத்துக்கு அஞ்சி 500 ரூபாய் எழுதுபவரின் கொடை யாருக்கு நிறைவு தரும்? 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட விதி ஒன்று, பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குக்கூட ஊழியரின் எழுத்து மூலமான ஒப்புதல் இருந்தால்தான் ஊதியத்தில் பிடிக்கலாம் என்று வகுத்தது. 1833இல் பாரிசில் பிறந்த வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் எடுக்கப்படும் காணிக்கையோ இரகசியமானது. யார் எவ்வளவு இட்டார் என்பதை அருகில் இருப்பவரும் அறியார். கோவில் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுகளை ஆண்டவர் கண்டார். கணக்கேட்டில் மொத்தத் தொகை அனைவருக்கும் தெரியட்டும். தனியொருவரின் தொகை அவருக்கும் இறைவனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

பெறுகிற குழந்தையின் மானமும் அதே அளவு காக்கப்பட வேண்டும். நிதி திரட்டும் சுவரொட்டியில் கண்ணீர் வடியும் குழந்தையின் முகத்தை அச்சிட்டால் பணம் விரைவில் சேரும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குழந்தை நாளை வளர்ந்து அதே ஊரில் வேலை கேட்டு வருவான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடலாகாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. பாட்டி இருந்தால் பாட்டியிடம், அத்தை இருந்தால் அத்தையிடம் பிள்ளை வளரட்டும். அதற்கு வேண்டியது புதிய கட்டடம் அன்று. மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகையே.

இங்கேதான் லியோன் முறையின் பொருத்தம் நமக்கு விளங்குகிறது. அரசின் வைப்புநிதி பதினெட்டு வயதில் கிட்டும். மாதத் தொகை அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும். ஆனால் கண்ணாடி உடைந்தால் மாற்றித் தர, தேர்வுக்கு முன் ஒரு துணைநூல் வாங்கித் தர, திருநாளில் ஒரு புத்தாடை தர, எல்லாவற்றுக்கும் மேலாக "படிக்கிறாயா?" என்று கேட்க யாரேனும் வேண்டும். ஒரே அறையில் உழைக்கும் பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 100 ரூபாய், ஒரு கணக்கேடு, மூன்று மாதத்துக்கொரு முறை அனைவர் முன்னும் படிக்கப்படும் அறிக்கை. மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேட்டால், உதவி வேண்டும் குழந்தையை முறைப்படி அடைய வழி கிடைக்கும். ஒருவர் ஓய்வு பெற்றால் புதிதாய் வருபவர் அவ்விடத்தில் சேர்வார். பத்து குறையாத வரை பன்னிரண்டு ஆண்டுகள் கடினமல்ல.

கருணாபுரத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கிறோம். அங்கே உழைப்பாளியின் கூலியிலிருந்து ஒவ்வொரு மாலையும் சிறுதொகை ஒன்று தவறாமல் வசூலிக்கப்பட்டு வந்தது. சாராயம் விற்றவர் செல்வரைத் தேடிச் செல்லவில்லை. அன்றாடங் காய்ச்சியின் சில்லறை, நாள் தவறாமல் வந்தால் பெருஞ்செல்வமாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். பட்டாலைப் பெண்கள் அறிந்திருந்த அதே கணக்கு அது. அவர்கள் அதை வாழ்வுக்குப் பயன்படுத்தினர். இவர்கள் சாவுக்குப் பயன்படுத்தினர்.

சிறு காசின் வலிமையை இருளின் மக்கள் மறப்பதே இல்லை. ஒளியின் மக்களாகிய நாம் மட்டும் அதை மறந்து, பெருந்துயர் நாளின் பெருந்தொகைக்காகக் காத்திருக்கலாமா? அடுத்த ஊதிய நாள் தொலைவில் இல்லை. நம் அருகில் அமர்ந்து உழைக்கும் ஒன்பது பேரும் தொலைவில் இல்லை. அவர்களிடம் முதற்சொல்லை நாம் பேசுவோம்.