மேட்டூர்: நீரும் நிலக்கரியும்

1937ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் இரண்டு நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஒன்று ஐஸ்லாந்தில், சோக் ஆற்றின் லியோசாஃபோஸ் அருவியில். மற்றொன்று நம் மேட்டூரில். அந்தத் தீவு நாட்டின் மக்கள்தொகை இன்றைய நாமக்கல் மாவட்டத்து மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அவர்கள் பூமியின் வெப்பத்தையும் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். இன்று அங்கே மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீரிலிருந்தும் நிலவெப்பத்திலிருந்தும் வருகிறது. மேட்டூரிலோ அணைக்கு அருகில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. ஒரே ஆண்டில் புறப்பட்ட இருவர் எங்கே பிரிந்தார்கள் என்று தேடுகையில் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறே கண்முன் விரிகிறது.

மேட்டூர் அணை நமக்காகக் கட்டப்பட்டதன்று. 1925இல் பணி தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்த அந்த அணை தஞ்சைக் கழனிகளுக்கானது. 93 டி.எம்.சி.க்குச் சற்றே மிகுந்த கொள்ளளவு. மூழ்கியவை நம் ஊர்கள். விளைந்தவை அவர்கள் வயல்கள். சேலத்து மண் ஆற்றைவிட மேட்டில் கிடந்தது. கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் வழியே நாற்பத்தைந்தாயிரம் ஏக்கருக்கு நீர் கிடைக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் நீர் ஏறாத மேட்டுக்கு மின்சாரம் ஏறியது. இதுவே இந்த வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்த்த இடம். அணையின் அடிவாரத்தில் நாற்பது மெகாவாட் திறனில் அமைந்த மின்நிலையம், நீலகிரியின் பைக்காராவோடு ஈரோட்டில் இணைக்கப்பட்டது. மேட்டூரில் இரசாயன ஆலை எழுந்தது. பின்னர், ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை உருக்கும் அலுமினிய ஆலையும் வந்தது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகள் ஓடின. கிணற்று மேட்டில் மாடுகள் கவலை இழுத்த இடத்தில் மோட்டார் வந்து அமர்ந்தது. ஆற்று நீரைப் பெறாத உழவன், அந்த நீர் விழுந்த விசையைக்கொண்டு தன் நிலத்தடி நீரை இறைத்தான். இறைத்து இறைத்துக் கிணறு வற்றியதும், ஆழ்துளைக் கிணறுகள் வந்ததும் நாம் அறிந்த பிற்கதை.

தேவை வளர்ந்த வேகத்தில் ஆறு வளரவில்லை. சுரங்க மின்நிலையம் இருநூறு மெகாவாட் சேர்த்தது. எனினும் அடிப்படை முடிச்சு அப்படியே இருந்தது. மேட்டூரில் மின்சாரத்துக்கென்று தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்குத் திறக்கும்போது மின்சாரம் கிடைக்கிறது. மரபுப்படி அது ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. குறுவைக்கு நீர் தாமதமானால் மின்னாக்கியும் காத்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் மழை பொய்த்தால் இரண்டுமே இல்லை. ஐஸ்லாந்தின் ஆறுகளுக்கு இத்தகைய பங்காளிகள் கிடையாது. அந்நாட்டைக் காட்டி நம் பொறியாளர்களைக் குறைகூறுவோர் இதை எண்ணிப்பார்ப்பது நல்லது.

ஆகவே 1987க்கும் 1990க்கும் இடையே நான்கு அலகுகளில் 840 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்தது. 2013இல் மேலும் 600 மெகாவாட் சேர்ந்தது. நீர்மின்சாரத்தால் பெயர்பெற்ற ஊருக்கு ஒடிசாவின் நிலக்கரி கப்பலேறி, ரயிலேறி வந்தது. சாம்பலும் உடன் வந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து நிலக்கரிக்கு என்று, உலகம் இன்று விரும்பும் திசைக்கு நேர் எதிராக நடந்தது நம் மாற்றம்.

நீரை முற்றிலும் கைவிட்டோம் என்று சொல்வதும் பிழை. அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள் அமைந்தன; ஒவ்வொன்றிலும் முப்பது மெகாவாட். அணையில் ஒருமுறை விசை தந்த அதே நீர், சில அடி உயரம் விழுந்து மீண்டும் மீண்டும் விசை தருகிறது. புதிதாக எந்தப் பேரணையும் கட்டாமல், ஒரே தண்ணீரைப் பலமுறை வேலைவாங்கிய இந்தச் சிக்கனம் மேட்டூர் அணையின் புகழில் மறைந்துபோயிற்று.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி வெளிப்படும். அதைக் காணக் கூட்டம் வரும். அத்தகைய நாள்களில் பரிசல் துறையில் நின்று பார்த்தால், அணையின் மின்னாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்க, நிலக்கரிப் புகை மட்டும் மேலெழுந்துகொண்டிருக்கும்.