காமா செஃபையின் கனடியச் சாட்சிகள்

சென்ற இதழ் 1995 ஒக்ரோபர் 6இல், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், தான் கண்ட கோளை அறிவிக்க ஜெனீவா வானியலாளர் மிசேல் மேயர் மேடையேறும் இடத்தில் நின்றது. அவர் பேசத் தொடங்குமுன், மற்ற நட்சத்திரங்களின் கோள்களைத் தேடியதில் கனடாவுக்குச் சேர வேண்டிய பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். பல நூல்கள் அதை ஓரிரு வரியில் தாண்டிப் போகின்றன. அது அநியாயம்.

வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் வோக்கர். அவரிடம் ஆய்வாளராக வந்து சேர்ந்த இளைஞர் புரூஸ் கம்பெல். மற்றச் சூரியன்களுக்கும் வியாழனைப் போல ஒரு பெருங்கோள் உண்டா என்பதே இருவரின் கேள்வி. அவ்வளவு தூரத்துக் கோளை நேரே பார்க்க அன்று வழியில்லை. ஆனால் வியாழன் சுற்றும்போது சூரியனும் இலேசாக ஆடுகிறது, நொடிக்கு 12.5 மீற்றர் வேகத்தில். நெரிசல் இல்லாத நேரத்தில் நகர வீதியில் ஓடும் காரின் வேகத்தைவிடக் குறைவு! அந்த ஆட்டத்தைப் பல ஒளியாண்டு தாண்டி, நட்சத்திர ஒளியின் நிறமாலையில் பிடிக்க வேண்டும். அக்காலக் கருவிகளின் பிழையோ நொடிக்கு நூற்றுக்கணக்கான மீற்றர்.

அவர்கள் கண்ட வழி ஐதரசன் புளோரைட்டு. இந்த வாயு நிரம்பிய குழாயினூடாக நட்சத்திர ஒளியைச் செலுத்தினால், நட்சத்திரத்தின் கோடுகளோடு வாயுவின் கோடுகளும் அதே நிறமாலையில் பதியும். வாயுவின் கோடு இடம் மாறாது. அதை அளவுகோலாக வைத்து, நட்சத்திரத்தின் கோடு எவ்வளவு விலகுகிறது என்று கணக்கெடுக்கலாம்.

கேட்க எளிது. ஆனால் அந்த வாயு கண்ணாடியையே அரிக்கும். மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். குழாயை 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி வைக்க வேண்டும். 4,200 மீற்றர் உயரமான ஹவாயின் மவுனா கியா உச்சியில், நின்றாலே மூச்சு வாங்கும் காற்றில், கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியோடு இதை 12 ஆண்டு செய்தார்கள். ஆண்டுக்குக் கிடைத்தது சில இரவுகள்தான். ஆனாலும் பிழையை நொடிக்குச் சுமார் 13 மீற்றருக்கு இறக்கிவிட்டார்கள். உலகில் வேறு எவரும் அதுவரை நெருங்காத துல்லியம் அது.

1988இல் கம்பெல், வோக்கர், சக ஆய்வாளர் ஸ்டீபன்சன் யாங் மூவரும் காமா செஃபை என்ற நட்சத்திரத்தின் ஆட்டத்தை வெளியிட்டார்கள். கோள் ஒன்று இருக்கலாம் என்றார்கள். கனடாவின் மார்க்கம் நகரில் தெருவிளக்கு குறைந்த இடத்தில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரத்துக்குக் கிட்ட ஆண்டு முழுவதும் அது தெரியும். யாழ்ப்பாணத்திலோ வடவானில் தாழ்வாக வந்து மறைந்துவிடும்.

1992இல் வோக்கர் குழுவினரே பின்வாங்கினார்கள். நட்சத்திரத்தின் மேற்பரப்பிலுள்ள கொந்தளிப்பே இப்படி ஆட்டம்போலத் தோன்றியிருக்கலாம் என எழுதினார்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. சந்தேகம் வந்ததும் அதை அச்சில் ஏற்றியதுதான் நேர்மை. அதற்காகவே வோக்கர் பெரிய மனிதர்.

கம்பெலுக்கு நடந்ததை மட்டும் மன்னிக்க முடியாது. இத்தனை திறமைக்கும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1991இல் வானியலை விட்டு வருமான வரி ஆலோசகரானார். உலகிலேயே கூர்மையான அளவுமுறையை உருவாக்கியவருக்கு ஒரு நாற்காலி கொடுக்க இந்த நாட்டால் முடியவில்லை. வில்லன் என்று எவரையாவது காட்டச் சொன்னால், அந்த நியமன முறையைத்தான் காட்ட வேண்டும்.

1995இல் வோக்கர் குழுவின் முடிவு வந்தது: ஆராய்ந்த 21 நட்சத்திரங்களில் வியாழனை ஒத்த கோள் எதுவும் சிக்கவில்லை. வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டு. அவர்களும் அதற்கேற்ற பொறுமையோடு காத்திருந்தார்கள். அதே ஆண்டில் மேயரும் டிடியே கெலோவும் கண்ட கோளோ தன் சூரியனை 4.2 நாளில் சுற்றிவருகிறது. ஜெனீவாக்காரர் கையில் 142 நட்சத்திரங்கள் இருந்தன. அவர்களுக்கு 2019இல் பௌதிக நோபல் பரிசில் பாதி.

காமா செஃபையின் வழக்கு 2003இல் தீர்ந்தது. டெக்சாஸில் எடுத்த புதிய அளவுகளை ஆர்ட்டி ஹாட்செஸ் குழுவினர் பழைய கனடிய அளவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். கோள் அங்கேதான் இருந்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று. அந்தக் கட்டுரையை எழுதியோர் வரிசையில் வோக்கர், கம்பெல், யாங் மூவரும் உண்டு. வானியலை விட்டுப் பன்னிரண்டு ஆண்டான கம்பெலும்கூட.

புளோரன்ஸ் மேடை அடுத்த இதழில்.

(தொடரும்)