கொங்கு மண்ணும் கடலடி வீரர்களும்: இந்திய நீர்மூழ்கிப் படையினரின் நினைவு வரலாறு

இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவு 1967 டிசம்பர் 8 அன்று தொடங்கியது. அன்று பணியில் சேர்ந்த முதல் தலைமுறையினரில் 22 வயது இளைஞராக இருந்தவருக்கு 2025இல் 80 வயது. அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக மறைந்து வருகிறது. நீர்மூழ்கிப் பணி இரகசியம் சார்ந்தது. கப்பல் எங்கே சென்றது, என்ன செய்தது என்பதை வீரர் தம் குடும்பத்தாரிடமும் சொல்வதில்லை. ஆகவே ஒரு நீர்மூழ்கி வீரர் மறையும்போது எழுதப்படாத ஒரு வரலாறும் அவருடன் மறைகிறது. கடலிலிருந்து தொலைவில் இருக்கும் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் போன்ற கொங்கு மாவட்டங்களில் இந்த மறதி இன்னும் எளிதாக நிகழக்கூடியது. நீர்மூழ்கிப் படையினரின் வாழ்வும் இழப்பும் எவ்வாறு நினைவுகூரப்பட்டு வந்துள்ளன என்பதையும், அந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

கடலில்லா ஊரில் கடற்படை

கோயம்புத்தூருக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கடற்படைக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பின்னோக்கிச் செல்கிறது. அப்போது பிரிட்டிஷ் அரச கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் ஒன்றைக் கோயம்புத்தூரில் நடத்தியது. அதற்கு 'கருடா' என்று பெயர். அருகிலுள்ள சூலூரில் 1945இல் 'வைரி' என்ற பெயரில் கடற்படை விமானத் தளம் ஒன்று இயங்கியது. கடற்படை மரபில் நிலத்திலுள்ள தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டுவர். போர் முடிந்ததும் 1946இல் இத்தளங்கள் மூடப்பட்டன. கருடா என்ற பெயர் மட்டும் பின்னர் 1953இல் கொச்சியில் அமைந்த இந்தியக் கடற்படை விமானத் தளத்துக்குச் சென்றது.

இன்று கோயம்புத்தூர் ரெட்பீல்ட்ஸ் பகுதியில் ஐஎன்எஸ் அக்ராணி இயங்குகிறது. கடற்படை வீரர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி அளிக்கும் நிறுவனம் இது. அலையோசை கேளாத இவ்வூரில் வெள்ளைச் சீருடை அணிந்த மாலுமிகள் தென்படுவதற்கு இதுவே காரணம். ஓய்வுபெற்ற முப்படையினரும் மறைந்தவர்களின் குடும்பத்தினரும் ஓய்வூதியம், கல்வி உதவி போன்றவற்றுக்கு அணுகும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தமிழகத்தின் ஏனைய மாவட்டங்களைப் போலக் கோயம்புத்தூரிலும் உண்டு.

கல்வரியின் பிறப்பு

விடுதலை பெற்றபோது இந்தியாவிடம் நீர்மூழ்கிக் கப்பல் எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் இந்திய அதிகாரிகளும் மாலுமிகளும் பிரிட்டனில் பயிற்சி பெற்றனர். பிறகு சோவியத் ஒன்றியத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, பயிற்சி அங்கு மாறியது. இந்திய வீரர்கள் ரஷ்ய மொழியைக் கற்று, பனி உறையும் துறைமுகங்களில் புதிய தொழிலைப் பயின்றனர்.

முதல் கப்பலான ஐஎன்எஸ் கல்வரி, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ரீகா துறைமுகத்தில் 1967 டிசம்பர் 8 அன்று படையில் சேர்க்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன். அப்போது சூயஸ் கால்வாய் மூடப்பட்டிருந்ததால், கல்வரி ஆப்பிரிக்காவைச் சுற்றி 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்தடைந்தது. அடுத்து கந்தேரி, கரஞ்ச், குர்சுரா ஆகியவை வந்தன. 1973, 1974 ஆண்டுகளில் வேலா, வாகிர், வாக்லி, வாக்ஷீர் ஆகிய நான்கும் சேர்ந்தன. இந்த எட்டும் பாக்ஸ்டிராட் வகையைச் சேர்ந்தவை. டிசம்பர் 8 ஆண்டுதோறும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்தைய நாளான டிசம்பர் 7 நாடு முழுதும் படைவீரர் கொடி நாள். டிசம்பர் 4 கடற்படை நாள். வாழும் வீரர்களையும் மறைந்தவர்களையும் நினைக்க ஐந்து நாள்களுக்குள் மூன்று நாள்கள் அமைந்துள்ளன.

1971 போரில் நீர்மூழ்கிகள்

1971 இந்திய-பாகிஸ்தான் போர், நீர்மூழ்கிகளின் ஆற்றலையும் அவற்றின் ஆபத்தையும் ஒரே மாதத்தில் இரு நாடுகளுக்கும் காட்டியது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி, டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. அதிலிருந்த 90க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஐஎன்எஸ் ராஜ்புத் வீசிய ஆழ்நீர் வெடிகுண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பின் கூற்று. கப்பலுக்குள்ளோ அதன் அருகிலோ நிகழ்ந்த விபத்து வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று.

டிசம்பர் 9 அன்று அரபிக்கடலில் பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். அவர்களுக்கான நினைவிடம் டையூவில் உள்ளது. இதே போரில் இந்தியாவின் கரஞ்ச் மேற்குக் கடலில் எதிரிக் கரையை ஒட்டி ரோந்து சென்றது. அதன் தலைவர் வி. எஸ். ஷெகாவத் வீர் சக்ரா விருது பெற்றார். பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியானார். அந்தக் கப்பலில் உடன் சென்ற மாலுமிகளின் பெயர்களைப் பொதுமக்கள் அறியார்.

இரும்புக் கூட்டுக்குள் வாழ்க்கை

பாக்ஸ்டிராட் வகைக் கப்பலின் நீளம் சுமார் 91 மீட்டர். உள்ளே ஏழு அறைப்பகுதிகள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு வட்டத் துளை வழியாகக் குனிந்து நுழைய வேண்டும். சுமார் 75 பேர் அதில் வாழ்ந்தனர். முன்புறம் ஆறு, பின்புறம் நான்கு எனப் பத்து டார்பிடோக் குழாய்கள். டார்பிடோக்களை ஒட்டியே படுக்கைகள்.

நீருக்கடியில் மின்கலங்களின் ஆற்றலில் கப்பல் ஓடும். அவை தீர்ந்தால் மேற்பரப்பை நெருங்கிக் காற்றுக்குழாயை உயர்த்தி, டீசல் இயந்திரத்தை ஓட்டி மின்னேற்றம் செய்ய வேண்டும். அப்போதுதான் எதிரியின் கண்ணில் படும் ஆபத்து மிகுதி. மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது. வெப்பமண்டலக் கடலில் உட்புறம் கொதிக்கும். நன்னீர் அளந்து வழங்கப்படுவதால் குளியல் அரிது. பகல், இரவு வேறுபாடு விளக்கின் நிறத்திலும் கடிகாரத்திலும் மட்டுமே தெரியும்.

இப்பணிக்கு விருப்பம் தெரிவித்து முன்வருவோரே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். விசாகப்பட்டினத்தின் ஐஎன்எஸ் சாதவாகனாவில் பயிற்சி முடித்து, கப்பலின் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் அறிந்த பிறகே டால்பின் சின்னம் சட்டையில் ஏறும். ஒருவரின் தவறு அனைவரின் உயிரையும் பறிக்கும் என்பதால், சமையல்காரரும் தலைவரும் அவசர நடவடிக்கைகளை ஒன்றுபோல அறிந்திருக்க வேண்டும்.

நீருக்கடியிலிருக்கும் கப்பலைச் சாதாரண வானொலி அலைகள் எட்டுவதில்லை. மிகத் தாழ் அதிர்வெண் அலைகளே ஓரளவு ஆழம் வரை நீரை ஊடுருவும். அத்தகைய அலைபரப்பு நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. கடலுக்கடியில் இருக்கும் வீரர்களுக்குக் கரையிலிருந்து செல்லும் செய்தி, இவ்வாறு தமிழ் மண்ணிலிருந்தும் செல்கிறது.

அமைதிக் கால இழப்புகள்

இந்திய நீர்மூழ்கிப் படையின் பேரிழப்பு போரில் நிகழவில்லை. 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், மும்பை கடற்படைத் துறைமுகத்தில் நின்றிருந்த ஐஎன்எஸ் சிந்துரக்ஷக் வெடித்து மூழ்கியது. கப்பலில் இருந்த 18 பேர் இறந்தனர். 2014இல் மீட்கப்பட்ட கப்பல், 2017இல் அரபிக்கடலின் ஆழத்தில் மூழ்கடிக்கப்பட்டது.

2014 பிப்ரவரி 26 அன்று ஐஎன்எஸ் சிந்துரத்னாவில் மும்பைக்கு அப்பால் கடலில் புகை சூழ்ந்தது. மற்றவர்களைக் காப்பதில் ஈடுபட்ட இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். இருவருக்கும் மறைவுக்குப் பின் சௌர்ய சக்ரா வழங்கப்பட்டது. தொடர் விபத்துகளுக்குத் தார்மிகப் பொறுப்பேற்று, தலைமைத் தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி அன்றே பதவி விலகினார்.

உலக மரபுகள்

நீர்மூழ்கியில் இறப்போருக்குப் பெரும்பாலும் கல்லறை இல்லை. ஆகவே பெயர்களைக் காப்பதே உலகெங்கும் நினைவு மரபாக அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது. அவை திரும்பி வராத ரோந்தில் இருப்பதாகவே அந்நாட்டு வீரர்கள் கூறுவர். ஒவ்வொரு கப்பலின் பெயரையும் வாசித்து மணி ஒலிப்பது அவர்கள் சடங்கு. ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகிலுள்ள மோல்டனோர்ட் நினைவிடத்தில், இறந்த ஆயிரக்கணக்கான வீரர்களின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த உறவு பகைமையைக் கடந்தது. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி 53 பேருடன் காணாமல் போனபோது, இந்தியா தன் ஆழ்நீர் மீட்புக் கலத்தை அனுப்பியது. விசாகப்பட்டினத்துக்கு அருகே கடலடியில் கிடக்கும் காஜியின் சிதைவை, 2024இல் செய்தி வெளியானபடி, இந்தியக் கடற்படை கண்டறிந்தும் இறந்தோருக்கு மரியாதையாகத் தொடாமல் விட்டது.

குர்சுராவும் வாக்லியும்

இந்தியாவில் நீர்மூழ்கி வீரர்களின் வாழ்வைப் பொதுமக்கள் நேரில் காண உதவும் இடம், விசாகப்பட்டினம் கடற்கரையிலுள்ள குர்சுரா அருங்காட்சியகம். 31 ஆண்டுகள் பணியாற்றி 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வுபெற்ற இக்கப்பல், 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஓய்வுபெற்ற கடற்படையினரே அங்கு வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். கப்பலின் பாகங்களைப் பெயர்ப்பலகை விளக்கும். அங்கே உறங்கியது எப்படி, உண்டது எப்படி என்பதை வாழ்ந்தவர்தாம் விளக்க முடியும்.

தமிழகத்துக்கும் அத்தகைய வாய்ப்பு ஒன்று வந்தது. 1974 ஆகஸ்ட் 10 அன்று பணியில் சேர்ந்து, 36 ஆண்டுகளுக்குப் பின் 2010 டிசம்பர் 9 அன்று ஓய்வுபெற்ற வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிடப்பட்டது. கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் திட்டம் நிறைவேறவில்லை.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டி அதன் நினைவைத் தொடர்வது கடற்படை மரபு. 2017 முதல் 2025 வரை படையில் சேர்ந்த ஆறு புதிய நீர்மூழ்கிகள் கல்வரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்ஷீர் என்ற பழைய பெயர்களையே பெற்றன. பழைய எட்டில் குர்சுரா, வாக்லி என்னும் இரு பெயர்கள் அந்த ஆறில் இல்லை. குர்சுராவின் உடல் விசாகப்பட்டினக் கரையில் நிற்கிறது. வாக்லிக்கு அந்த வரிசையில் பெயரும் கிடைக்கவில்லை, மாமல்லபுரக் கரையில் இடமும் கிடைக்கவில்லை.

நடுகல் மரபும் இன்றைய தேவையும்

இறந்த வீரரைப் பெயரும் செயலும் பொறித்து நினைவுகூர்வது தமிழருக்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கொங்கு நாட்டில் ஆநிரையையும் ஊரையும் காக்கப் புலியுடன் போரிட்டு இறந்தோருக்கு எடுத்த புலிகுத்திக் கற்கள் பல ஊர்களில் இன்றும் காணப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் வீரனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில்லாத கல்லை ஊரார் வழிபடுகின்றனர், ஆனால் அது யாருக்காக நடப்பட்டது என்று சொல்ல ஆளில்லை. எழுதி வைக்காத பெயர் எத்தனை விரைவில் மறைகிறது என்பதற்கு அக்கற்களே சான்று.

நீர்மூழ்கி வீரர்களின் நிலையும் இதை ஒத்ததே. போரிலும் விபத்திலும் இறந்தோரின் பெயர்களை அரசு பதிவு செய்கிறது. பணி முடித்து ஊர் திரும்பி, வங்கியிலோ ஆலையிலோ இரண்டாம் வேலை பார்த்து, முதுமையில் இறப்பவரின் அனுபவத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு குறைவு. பணிப் பதிவேடு, டால்பின் சின்னம், பதக்கங்கள், குழுப்படங்கள், கடிதங்கள் ஆகியவையே வீட்டில் எஞ்சும். படத்தில் நிற்பவர்களின் பெயரைப் பின்புறம் எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் படம்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதில் பங்காற்ற முடியும். இரகசியத்துக்கு உட்பட்ட செய்திகளைக் கேட்காமலே பயிற்சிக் காலம், உணவு, தூக்கம், அச்சம், தோழமை, வீட்டாரின் காத்திருப்பு ஆகியவற்றை வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யலாம். கணவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அறியாமல் குழந்தைகளை வளர்த்த மனைவியரின் நினைவுகளும் இவ்வரலாற்றின் பகுதியே. கல்வரி காலத்து வீரர்களும் அவர்கள் துணைவியரும் உயிருடன் இருக்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் அப்பணி நடந்தாக வேண்டும்.